தீச்சுவரில் இரண்டு வாசல்

விளக்கமறியல், கண்டி
2008 மார்ச் 9

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

கிளறன்ஸ் எழுதுகிறேன். தலதா வீதியில் மஹ்மூத் நானாவின் கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தவன். ஜனவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அம்பிட்டியவில் உங்கள் வீட்டுக்கு வந்து, கனடாவில் இருக்கும் உங்கள் மகனோடு நீங்கள் இன்டர்நெட்டில் கோட்டை விளையாட்டு விளையாடுவதற்கு எல்லாம் சரிசெய்து தந்தவன். இந்த அறிமுகம் உங்களுக்குத் தேவையில்லை. கடிதத்தை வெளியே விடும் முன் வாசிக்கும் அதிகாரிக்காக எழுதுகிறேன். அவருக்கும் என் வணக்கம்.

பெப்ரவரி 17 காலையில் எங்கள் கட்டுக்கலை போர்டிங்கில் பொலிஸ் சோதனை நடந்தது. தோட்டத்தில் இருந்து வந்து தங்கியிருக்கும் பையன்கள் ஏழு பேரை வண்டியில் ஏற்றினார்கள். மத்தியானம் ஆறு பேரை விட்டுவிட்டார்கள். என் பர்ஸில் மட்டும் அந்தத் தாள் இருந்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். எழுதி எழுதி எனக்கு மனப்பாடம்.

“தீச்சுவரில் இரண்டு வாசல் திறக்க வேண்டும். 47624. அடுத்தது 2300 முதல் 2400 வரை. பாகன் வெளியில் இருந்து வருவார். அம்மாவின் இலக்கம் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் புது இலக்கத்தை அவருக்கு அனுப்ப வேண்டும். சனி காலை 6.30. முதலில் அம்மா தொடங்க வேண்டும். முடிந்ததும் வாசலை மூடவும்.”

இப்படியான குறிப்பை நான் எப்போதும் இங்கிலீஷில்தான் எழுதுவேன். நீங்கள் தமிழில் கேட்டீர்கள். “தம்பி, எனக்கு விளங்கிற மாதிரித் தமிழிலை எழுதித் தாரும்” என்றீர்கள். ஃபயர்வோல் என்பதற்குத் தீச்சுவர், போர்ட் என்பதற்கு வாசல், இரண்டு சொல்லையும் நீங்கள்தான் சொன்னீர்கள். இலக்கம் என்றது இன்டர்நெட்டில் உங்கள் கொம்பியூட்டருக்குக் கிடைக்கும் ஐபி இலக்கம். இரண்டு பிரதி எழுதினேன். ஒன்றை நீங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தீர்கள். மற்றது, திரும்ப வரவேண்டி வந்தால் உதவும் என்று என்னிடம்.

“யாருடா பாகன்?” என்று கேட்டார்கள்.

“அம்பிட்டிய அம்மாவோட மகனுங்க சேர். அம்பிகைபாகன். ரொறன்ரோவுல இருக்காரு.”

“எந்தச் சுவர்?”

“கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற சுவருங்க சேர்.”

சிரித்தார்கள். நான்காம் நாள், உங்கள் வீட்டில் விசாரித்ததாகச் சொன்னார்கள். ஒரு முறை கொம்பியூட்டர் திருத்த வந்தான், விளையாட்டு ஒன்றும் எங்களுக்குத் தெரியாது, பாகன் என்று யாரும் இல்லை என்று அங்கே சொன்னார்களாம். கேட்டவர்கள் பிழையாகக் கேட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மஹ்மூத் நானா வந்து, நல்ல பிள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் வீட்டுக்கு நான் வந்தது லீவு நாளில், அதனால் தாளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு தடவை வந்து, இது விளையாட்டுக்கு எழுதியது என்று சொன்னால் போதும். சிங்களம் உங்களுக்குத் தண்ணீர் மாதிரி. நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்வார்கள்.

ஐயாவுக்கும் என் வணக்கம்.

கிளறன்ஸ்


அம்பிட்டிய
2008 மார்ச் 26

திரு. கிளறன்ஸ் அவர்கட்கு,

உமது கடிதம் கிடைத்தது. உமக்கு நேர்ந்ததை அறிந்து எனது கணவர் திரு. நவரட்ணராஜாவும் நானும் மிகவும் மனவருத்தம் அடைந்தோம்.

நீர் எமது இல்லத்துக்குக் கணினி திருத்த வந்தது உண்மை. அது பற்றி விசாரிக்க வந்த உத்தியோகத்தர்களிடம் எனது கணவர் உரிய பதிலை அளித்துள்ளார். நீர் குறிப்பிடும் தாள் எதுவும் எம்மிடம் இல்லை. எனது கணவர் முப்பத்திரண்டு வருடம் அரச சேவையில் இருந்தவர். எமக்குத் தொடர்பில்லாத விடயங்களில் எமது பெயரையும் வெளிநாட்டில் இருக்கும் எமது மகனின் பெயரையும் சேர்க்காமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நீர் விரைவில் விடுதலை பெற ஆண்டவனைப் பிரார்த்திக்கிறோம். இவ்விலாசத்துக்கு மேற்கொண்டு எழுத வேண்டாம்.

இங்ஙனம்,
மங்களேஸ்வரி நவரட்ணராஜா


விளக்கமறியல், கண்டி
2008 ஏப்ரல் 27

அம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன்.

நான் ஒருமுறை வரவில்லை, மூன்று முறை வந்தேன். முதல் ஞாயிறு டெலிபோன் லைன் விட்டுவிட்டு வந்தது. இரண்டாம் ஞாயிறு ரவுட்டரில் வாசலைத் திறந்தேன், அப்போதும் மகனால் உள்ளே வர முடியவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஸ்ஸில் திரும்பிப் போகும்போதுதான் பிடிபட்டது, சுவர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ரவுட்டரில், இன்னொன்று உங்கள் கொம்பியூட்டருக்குள்ளேயே. வெளிச் சுவரைத் திறந்துவிட்டு உள்சுவரை மறந்திருந்தேன். மூன்றாம் ஞாயிறு அதையும் திறந்ததும், விளையாட்டில் உங்கள் மஞ்சள் வீடுகளுக்கு எதிர்க்கரையில் நீல உடுப்போடு ஒரு ஆள் வந்து நின்றான். கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. “அம்மா வந்திட்டீங்களா.”

நீங்கள் திரையைத் தொட்டுப் பார்த்தீர்கள். “ஏழு வருசமாப் போனிலை ‘ம்’ எண்டதைத் தவிர ஒண்டும் சொல்லாத பிள்ளை” என்றீர்கள். அன்றைக்கு உங்கள் ஆடுகள் எல்லாம் அவர் பக்கம் ஓடிவிட்டன, நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்தீர்கள். ஐயா பேப்பரை மடக்கிவிட்டு எட்டிப் பார்த்து, “இந்த வயதிலை ஆடு மேய்க்கிறா” என்றார். எனக்கு இடியப்பமும் சொதியும் தந்தீர்கள். இதெல்லாம் தொடர்பில்லாத விடயமா அம்மா?

யோசப்பினின் வேலை போய்விட்டது. என் தங்கச்சியைச் சொல்கிறேன். பல்லேகலவில் ஒரு கம்பனியில் பெக்கிங் வேலை செய்தவள். அண்ணனைப் பற்றி விசாரிக்க ஜீப் வந்ததும் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துக்கே திரும்பிப் போய்க் கொழுந்து எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வருகிறாள்.

நான் உங்கள் பெயரைச் சேர்க்கவில்லை. உங்கள் பெயர் அந்தத் தாளிலேயே இருக்கிறது. அம்மா என்று.

கிளறன்ஸ்


அம்பிட்டிய
2008 ஜூன் 11

அன்புள்ள தம்பி கிளறன்ஸ்,

இந்தக் கடிதத்தை யோசப்பின் கையில் கொடுக்கிறேன். தபாலில் போடப் பயம். வாசித்ததும் கிழித்துவிடும். செசிலியா என்ற என் சிநேகிதியின் வீட்டில் இருந்து எழுதுகிறேன், பதில் இருந்தால் யோசப்பின் இங்கே கொண்டுவந்து தரட்டும்.

முதல் கடிதத்தின் கையெழுத்து என்னுடையது, வசனங்கள் இவருடையவை. இவர் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார், நான் எழுதினேன். முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து பிறருடைய வசனங்களை எழுதிப் பழகிய கை. நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. இது மன்னிப்புக் கேட்கிற விதம் அல்ல என்று தெரியும். எப்படிக் கேட்பதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் போனது.

பெப்ரவரி 20 மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். பாகன் என்று யாருமில்லை என்று இவர் சொன்னது எனக்குக் கேட்டது. பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்கிற குரல் நடுங்கவே இல்லை. நான் வெளியே வந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வந்தேன் என்று இப்போது எழுதலாம், ஆனால் சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர்களைப் பார்த்ததும், தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே இவர் ரவுட்டரை அம்மியில் வைத்து உடைத்தார். கொம்பியூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து, யாருக்கோ கொடுத்துவிட்டார். தாளை எரித்தது நான். இவர் சொல்லவில்லை, நானாகவே கண்ணாடியைத் தூக்கி எடுத்து அடுப்பில் வைத்தேன்.

காரணம் சொல்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை. பாகன் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பித்து ஆறு வருடம். எல்லாம் முடிந்து, பொலிஸ் நற்சான்றிதழ் மட்டும் பாக்கி. எங்கள் பெயர் ஒரு கோப்பில் ஏறினால் அது வராது. ஆவணிக்குள் கிடைத்துவிடும் என்கிறார்கள். கிடைத்த மறுநாள் நான் வந்து எல்லாவற்றையும் சொல்வேன். அதுவரை பொறுத்துக்கொள்ளும் தம்பி. எழுதும்போதே இது எப்படிப்பட்ட கேள்வி என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மங்களேஸ்வரி


விளக்கமறியல், கண்டி
2008 ஜூலை 6

அம்மா,

கிழித்துவிட்டேன். இரண்டு முறை வாசித்த பிறகு.

பொறுக்கச் சொல்கிறீர்கள். பொறுக்க மாட்டேன் என்றால் நான் எந்தப் பக்கத்தால் எழும்பிப் போவது? அதனால் சரி என்கிறேன்.

தாள் எரிந்துவிட்டது, ரவுட்டர் உடைந்துவிட்டது. நான் இரண்டு நாள் யோசித்தேன், பழுதான மெசினைப் பார்ப்பதுபோல. மீதி ஒரே ஒரு இடம் இருக்கிறது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிந்து வைக்கலாம். மூன்றாம் ஞாயிறு மகன் எழுதினார், “நீங்க விளையாடுறதைப் பதிஞ்சு வைக்கப்போறன் அம்மா” என்று. நானே வாசித்தேன். அந்தப் பதிவில் திகதி இருக்கும், இரண்டு பேர் பெயரும் இருக்கும், நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டதும் இருக்கும். அதை ஒரு சீடியில் போட்டு, நான்தான் பாகன் என்று ஒரு கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். அவர் இருக்கும் நாட்டில் அவருக்குப் பயம் இல்லைதானே. நீங்கள் ஆவணி வரை வராவிட்டாலும் அது வந்தால் போதும்.

அடுத்த வாரம் தெற்குப் பக்கம் ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றப்போகிறார்களாம். அங்கே யோசப்பினால் வாராவாரம் வர முடியாது. விலாசம் தெரிந்ததும் அவள் சொல்லுவாள்.

கிளறன்ஸ்


அம்பிட்டிய
2008 டிசம்பர் 2

அன்புள்ள தம்பி,

இதைத் தபாலிலேயே போடுகிறேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

ஜூலையிலேயே பாகனுக்கு எடுத்துச் சொன்னேன்.

“அந்த விளையாட்டைப் பதிஞ்சு வைச்சனியெல்லோ, அதை அனுப்பு அப்பன்.”

“அம்மா, போனிலை இதுகள் கதையாதையுங்கோ.”

“விளையாட்டுத்தானே.”

“நான் சிற்றிசனுக்குப் போட்டிருக்கிறன். என்ரை பேர் அங்கை பொலிசிலை ஏறினா இஞ்சையும் கேப்பாங்கள். எல்லாத்தையும் அழிச்சிட்டன். என்னை விடுங்கோ.”

இத்தனை வருடத்தில் அவன் போனில் என்னோடு கதைத்த மிக நீளமான பேச்சு அதுதான். இதை உமக்கு எழுத எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஆவணி போய்ப் புரட்டாதியும் போனது, சான்றிதழ் வரவில்லை. இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று நானும் தள்ளினேன்.

பிறகு யோசப்பின் வந்தாள். பங்குச் சுவாமியார் பிடித்துக் கொடுத்த வழக்கறிஞர், உம்முடைய தாளின் சிங்கள மொழிபெயர்ப்பை அவளிடம் கொடுத்திருந்தார். செசிலியா வீட்டு வாசலில் நின்றுகொண்டே வாசித்தேன். ‘நெருப்பு வைக்கும் சுவரில் இரண்டு வாயில்களைத் திறக்க வேண்டும்.’ 2300 முதல் 2400 வரை என்பது இரவு பதினொரு மணியில் இருந்து பன்னிரண்டு மணி வரை ஆகியிருந்தது. 47624 ஒரு இராணுவ இலக்கமாக இருக்கலாம் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. கீழே சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து. அது பரமநாதனுடையது. பதினொரு வருடம் எனக்கு அடுத்த மேசையில் இருந்த ஆள்.

அன்று பின்னேரமே பரமநாதனிடம் போனேன்.

“தம்பி, தீச்சுவர் எண்டா என்ன?”

“தீ எண்டா நெருப்பு. சுவர் எண்டாச் சுவர். நீங்கள்தானே அக்கா சொல்லுறனீங்கள், இருக்கிற சொல்லை மாத்து, உன்ரை விளக்கத்தைச் சேர்க்காதை எண்டு.”

“இரவு பதினொரு மணி எண்டு ஆர் சொன்னது? அதிலை மணி எண்ட சொல்லே இல்லையே.”

“பக்கத்திலை நிண்டவர் சொன்னார்.”

“பிழை எண்டு ஒரு வரி எழுதித் தாரும். நான் கொண்டுபோறன்.”

“கையெழுத்து வைச்சாச்சு அக்கா. இப்ப திருத்தினா, முதல் ஏன் பிழையா எழுதினனீ எண்டு என்னைத்தான் இருத்துவாங்கள். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்.”

நான் அவரோடு கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது?

அடுத்த நாள் இவரிடம் சொல்லாமல் பொலிசுக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகக் கதிரை தந்தார். நான் சொல்லச் சொல்ல மூன்று பக்கம் எழுதினார். விளையாட்டு, ரவுட்டர், என் மகன், தீச்சுவர் என்ற சொல்லை நான் சொன்னது, எல்லாம். அவர் எழுதியதில் இரண்டு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தினேன். கதை சரியாகப் போகிறது என்று நினைத்தேன் தம்பி.

பிறகு கேட்டார். அந்தத் தாளின் மற்றப் பிரதி எங்கே? எரித்துவிட்டேன் என்றேன். ரவுட்டர்? உடைத்துவிட்டோம். மகனிடம் இருந்த பதிவு? அழித்துவிட்டான். பெப்ரவரியில் எங்கள் ஆட்கள் கேட்டபோது? தெரியாது என்றோம்.

அவர் பேனையை மூடினார். “நோனா, விளையாட்டு என்றால் இத்தனை பேர் ஏன் இத்தனையையும் அழிக்க வேண்டும்?”

பயத்தில் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குப் பயந்து என்று கேட்பார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும், அவருடைய முகத்துக்கு நேரே. பேனையைத் திரும்பத் திறந்து அந்தக் கேள்வியையும் எழுதினார். பதில் என்ற இடத்தில் ‘மௌனம்’ என்று எழுதினார். அதன் கீழே கையெழுத்து வைத்தேன்.

இவர் என்னோடு கதைப்பதில்லை. உமக்கு உதவி செய்தேனா, இன்னும் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை.

மங்களேஸ்வரி


தடுப்பு முகாம்
2009 பெப்ரவரி 15

அம்மா,

இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்லச் சொல்ல இங்கே இருக்கும் ஒரு அண்ணன் எழுதுகிறார். என் வலது கையில் காயம். குளிக்கும் இடத்தில் விழுந்துவிட்டேன். இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை.

உங்கள் வாக்குமூலத்தை ஜனவரியில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு திரும்பவும் விசாரணை. முதலில் தாளைப் பற்றிக் கேட்டார்கள், இப்போது எரித்ததைப் பற்றிக் கேட்கிறார்கள். எரிக்கச் சொன்னது நீயா? எப்படிச் செய்தி அனுப்பினாய்? நான் அப்போது உள்ளே இருந்தேன் சேர் என்றேன். அதைத்தான் கேட்கிறோம், உள்ளே இருந்து எப்படி அனுப்பினாய் என்றார்கள்.

நீங்கள் வந்து சொன்னீர்கள். உங்கள் பெயரைப் போட்டு, என்னைத் தெரியும் என்று சொன்னீர்கள். வாசிக்கும்போது ஆடுகள் ஓடியதைக்கூடச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டு எனக்கு அழுகை வந்தது. ஆனால் மார்ச் மாதமே வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. இதை எழுதட்டுமா என்று அண்ணன் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

இந்த அண்ணன் ஒன்பது வருடமாக வழக்குக்குக் காத்திருக்கிறார். கொட்டாஞ்சேனைக்காரர். அவருடைய மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது அவருக்குக் கடிதம் எழுதுகிறாள். ஒவ்வொரு கடிதத்திலும் கையெழுத்து திருந்திக்கொண்டு வருகிறது என்று எங்களுக்குக் காட்டுவார். இதை எழுத மாட்டேன் என்றார். நான்தான் எழுதச் சொன்னேன்.

கிளறன்ஸ்


அம்பிட்டிய
2009 ஜூன் 7

அன்புள்ள தம்பி,

யுத்தம் முடிந்துவிட்டது, உமக்கும் சொல்லியிருப்பார்கள். இங்கே மூன்று நாள் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் பாற்சோறு காய்ச்சிப் போகிற வருகிற எல்லோருக்கும் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு தட்டு கொண்டுவந்தாள். வாங்கினேன். வாங்காமல் விட எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிடவும் முடியவில்லை. வன்னியில் என் ஒன்றுவிட்ட தங்கை குடும்பம் இருந்தது, ஒரு செய்தியும் இல்லை.

மாசியில் இவருக்கு நற்சான்றிதழ் வந்தது. எனக்கு வரவில்லை. பங்குனியில் இவர் தனியப் போய்ச் சேர்ந்தார். போகிற அன்று, “அந்தப் பொடியனுக்காக நீ என்னத்தை இழந்தாய் எண்டு இனித்தான் விளங்கும்” என்றார். பாகன் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போனானாம். எனக்குப் போன் எடுக்கிறான், பழையபடி ‘ம்’ என்கிறான்.

இதையெல்லாம் உமக்குப் பாரமாக்க எழுதவில்லை. வீட்டில் தனியே இருந்ததால் எனக்கு வேலை செய்ய நேரம் கிடைத்தது. கேளும்.

அரசாங்கம் அச்சடித்த கணினிச் சொற்றொகுதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் தீச்சுவர் என்ற சொல் ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் அச்சில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு முத்திரை வைத்த பிரதி எடுத்திருக்கிறேன். பேராதனையில் ஒரு விரிவுரையாளரிடம் நான்கு தரம் போனேன். சிங்களவர், நல்ல மனிதர். 47624, 2300, 2400 எல்லாம் அந்த விளையாட்டு பயன்படுத்தும் வாசல் இலக்கங்கள்தான் என்று எழுதிக் கையொப்பம் இட்டுத் தந்தார். நீதிமன்றத்துக்கும் வருவாராம். வழக்கறிஞர் இரண்டையும் பார்த்துவிட்டு, “இது காணும் அக்கா. வழக்கு எண்டு போட்டாங்கள் எண்டா உடைச்சுப்போடலாம்” என்றார். இந்த ஒன்றரை வருடத்தில் அந்த மனிதர் போதும் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அங்கே ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று யோசப்பின் சொன்னாள். ஒப்புக்கொண்டால் ஒரு வருடம் புனர்வாழ்வு, பிறகு வீடு என்கிறார்களாம். வைக்க வேண்டாம் தம்பி. உமக்குப் பொறுமை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனால் இந்த முறை நான் வெறுங்கையோடு சொல்லவில்லை. வழக்கு எடுக்கிற அன்று நான் முன்வரிசையில் இருப்பேன்.

மங்களேஸ்வரி


புனர்வாழ்வு நிலையம்
2009 ஆகஸ்ட் 30

அம்மா,

உங்கள் கடிதம் ஜூலை 19 என் கைக்கு வந்தது. உறையில் வாசித்த அதிகாரிகளின் நான்கு முத்திரை இருந்தது. நான் ஜூன் 24 கையெழுத்து வைத்துவிட்டேன்.

அந்த அண்ணனிடம்தான் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. அவர், “நான் ஒன்பது வருசத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு தாளுல வைக்க மாட்டேன்னு சொன்னேன் தம்பி” என்றார். வை என்றோ வைக்காதே என்றோ சொல்லவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

சுவருக்கு நெருப்பு வைக்கும் திட்டம் எனக்குத் தெரிந்திருந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. எந்தச் சுவர் என்று அவர்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. தாளில் உள்ள பாகன் யார் என்ற இடத்தில், இறந்துபோன ஒருவர் என்று போட்டிருக்கிறார்கள். நான்தான் அப்படிக் கேட்டேன். உங்கள் மகன் பெயர் எங்கேயும் இல்லை. அவருடைய சிற்றிசனுக்கு ஒன்றும் ஆகாது.

இனி வழக்கு இல்லை, அதனால் நீங்கள் அலைந்து சேர்த்த எதையும் யாரும் கேட்கப்போவதில்லை. விரிவுரையாளர் ஐயாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்கள் வாக்குமூலம் இப்போது பொய் என்று ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும். யாராவது வந்து கேட்டால், அவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் உங்கள் சான்றிதழும் ஒருநாள் வரலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். முதலில் கோபித்தது உண்மை. இப்போது அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

யோசப்பினுக்குப் பசறைப் பக்கம் ஒரு இடத்தில் கலியாணம் பேசினார்கள், என் விஷயம் தெரிந்ததும் போய்விட்டார்கள். அவளை எப்போதாவது கண்டால் கதையுங்கள்.

இங்கே தொழில் பழக்குகிறார்கள். வந்த முதல் வாரம் ஒரு பட்டியலை வாசித்தார்கள். மேசன் வேலை, தச்சு வேலை, வயரிங், கொம்பியூட்டர், தையல். கொம்பியூட்டர் என்றதும் பாதிப் பேர் கையை உயர்த்தினார்கள். அதைப் பழக்க வரும் மாஸ்டர் பதுளைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க இந்த வேலை செஞ்சவருன்னு ஃபைல்ல இருக்கே, பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க எனக்கு உதவியா நிக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“எனக்கு அது தெரியாதுங்க சேர்” என்றேன்.

தையலுக்குப் பெயர் கொடுத்தேன். இப்போது சட்டை தைக்கப் பழகுகிறேன். நேர்த் தையல் பரவாயில்லை. காலர்தான் இன்னும் சரியாக வரவில்லை.

கிளறன்ஸ்